மன்னிப்புக் கேட்ட பிணம்

அத்தியாயம் 5

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பது. நானூற்றுப் பன்னிரண்டு பேர் கண்ணாடிக்காகக் காத்திருந்தார்கள்.

அவர்கள் யாரும் அந்தக் கட்டடத்தில் இல்லை. அவர்களுடைய தட்டுகள் இருந்தன. நீலப் பிளாஸ்டிக் தட்டு. ஒவ்வொன்றிலும் ஒரு வெறும் ஃப்ரேம், தேய்க்காத இரண்டு லென்ஸ், ஒரு பார்கோடு. பட்டறையில் இடம் போதாமல் வரவேற்பறை வரை அடுக்கி வைத்திருந்தார்கள்.

"இத்தனை பேருக்கா கண்ணு தெரியல?" என்றான் கொழுந்தன்.

"நமக்குத் தெரியுதான்னு பாப்போம், வாங்க தம்பி" என்றாள் அண்ணி.

இயந்திரம் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். இயந்திரம் நின்று, பழி ஒரு மனிதன் தலையில் விழுந்தால் அண்ணியைக் கூப்பிடுவார்கள். கொழுந்தன் எல்லார் முன்னாலும் அப்படியே கூப்பிட்டதில் வாடிக்கையாளர்களுக்கும் அவள் அண்ணியாகிவிட்டாள். அவன் அவளைவிட மூன்று வயது மூத்தவன். ஆனாலும் தம்பி.

வரவேற்பு மேசையில் போன் அடித்தது. இரண்டாவது மணியில் வரவேற்புப் பெண் எடுத்தாள்.

"மன்னிக்கவும். உங்கள் தேவை எங்களுக்கு முக்கியம். சற்றுப் பொறுங்கள்."

ஒரு பொத்தானை அமுக்கினாள். ஒரு சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கியது. அதோடு பதினொன்று.

"இவங்களுக்கெல்லாம் எப்ப பதில் சொல்வீங்க?" என்றான் கொழுந்தன்.

"சொல்லிட்டேனே."

அவள் தலைக்கு மேல் ஒரு பலகை. மூன்றாவது மணிக்குள் பதில். முதலாளி அறையிலும் அதே பலகை இருந்தது, இன்னும் பெரிதாக.

முதலாளிக்கு அறுபத்தெட்டு வயது. மூக்கில் சொந்தத் தயாரிப்பு. அவர் எழுந்திருக்கவில்லை.

"யார் செஞ்சதுன்னு கண்டுபிடிக்க உங்களக் கூப்பிடல. யாருன்னு எனக்குத் தெரியும். அதை நீங்க உங்க வாயால சொல்லணும். அவ்வளவுதான்."

"யாருகிட்ட சொல்லணும்?"

"என் பொண்ணுகிட்ட. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. வெளியாள் சொல்லட்டும்ப்பா, அப்புறம் நானே பெட்டி கட்டறேன்னுட்டா. பன்னண்டு மணிக்கு போன் பண்ணுவா."

"செஞ்சது யாரு?"

"அவ வீட்டுக்காரர்."

கொழுந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "வீட்டோட மாப்பிள்ளையா சார்?"

"மாடியோட" என்றார் முதலாளி. "நான் கீழ இருக்கேன்."

அவர் சொன்னது சுருக்கமாக இருந்தது. மாப்பிள்ளைதான் கணினி அறைப் பொறுப்பாளர். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு ஏதோ பராமரிப்பு என்று லிஸ்னர் என்ற நிரலை நிறுத்தினார். அது திரும்ப எழவில்லை. மூன்று மணிக்கு முதலாளி அவருடைய நுழைவு அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார். மேசை மேல் ஒரு காகிதம் இருந்தது. விலகல் கடிதம். கையெழுத்து இடம் மட்டும் காலி.

"வேணும்னே செஞ்சார்னு சொல்றீங்களா?"

"அஞ்சு மாசமா எங்களுக்குள்ள பேச்சு இல்ல."

"எதனால?"

"சாப்பிடற நேரத்துல ஒரு கேள்வி கேட்டார். போனை எடுக்கறதும் பதில் சொல்றதும் ஒண்ணான்னு." முதலாளி பலகையைப் பார்த்தார். "முப்பது வருஷமா நான் கட்டிக் காத்த விதி, மேடம் அது."

"இப்ப எப்படிப் பேசிக்கறீங்க?"

"வரவேற்புல சொல்லுவேன். அந்தப் பொண்ணு போய்ச் சொல்லும்."

தன் அட்டையைக் கழற்றி அண்ணியிடம் கொடுத்தார். கணினி அறைக்கு வழி காட்ட ஆள் அனுப்பவில்லை.

தேவையும் இருக்கவில்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூலில் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். உள்ளே குளிரில் அவருடைய இயந்திரங்கள். வெளியே புழுக்கத்தில் அவர். நாற்பது வயது. மூன்று நாள் தாடி.

"நான்தான்" என்றார்.

கொழுந்தன் அண்ணியைப் பார்த்தான். "அண்ணி, இவரே ஒத்துக்கிட்டாரு. கிளம்பலாமா? வெயிலுக்கு முன்னால வீடு போய்ச் சேரலாம்."

"எதைச் செஞ்சீங்க?" என்றாள் அண்ணி.

"லிஸ்னரோட கோப்புல ஒரு வரியை மாத்தினேன். முகவரி வரி. புது சர்வருக்குப் புதுப் பேரு வெச்சோம், அதைப் போட்டேன். நிறுத்தினேன். திரும்பத் தொடங்கினேன். தொடங்கல."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மாப்ள" என்றான் கொழுந்தன். "எனக்கு லாரி ஓட்டத்தான் தெரியும்."

மாப்பிள்ளை முதன்முறையாக முகம் தெளிந்தார். விளக்கம் கேட்டு அவரிடம் யாரும் வந்து நாளாகியிருக்க வேண்டும்.

"உள்ள தரவுத்தளம் இருக்கு. எந்தக் கண்ணுக்கு எந்தப் பவர்னு அதுக்குத்தான் தெரியும். அது நல்லா இருக்கு, ஒரு குறையும் இல்ல. ஆனா அதுகிட்ட நேராப் போக முடியாது. வாசல்ல ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். யாரு, என்ன வேணும்னு கேட்டு உள்ள அனுப்புவான். அவன்தான் லிஸ்னர். அவனுக்கு ஒரு கதவு எண் உண்டு. ஆயிரத்து ஐநூத்து இருபத்தொண்ணு. அவன் இல்லன்னா பட்டறை மெஷினும் உள்ள போக முடியாது, கிளைகளும் போக முடியாது."

"வாட்ச்மேன்."

"வாட்ச்மேன்தான்."

"தொடங்கலன்னதும் என்ன செய்தி வந்தது?" என்றாள் அண்ணி.

அவர் பார்க்காமலே சொன்னார். மனப்பாடமாகியிருந்தது. "'கொடுத்த முகவரியில் அமர முடியவில்லை.' முகவரின்னு வந்ததும் தெரிஞ்சுபோச்சு. நான் மாத்தின வரிதான். பழைய பேரையே திரும்பப் போட்டேன். அப்பவும் அதே செய்தி. ஒவ்வொரு எழுத்தாப் பாத்தேன். அடைப்புக்குறி எண்ணினேன். ஒரு மணி நேரத்துல இருபத்தாறு தடவை தொடங்கினேன். அதுக்குள்ள அட்டையை வாங்கிட்டாங்க." கைகளைப் பார்த்துக்கொண்டார். "எங்கியோ ஆழமா எதையோ கெடுத்துட்டேன். என்னன்னுதான் தெரியல. அவர் செஞ்சது நியாயம்தான்."

தவறு தன்னுடையது என்று நம்புகிறவன் தன் பையை மட்டுமே தேடுவான். அண்ணி அதை அவரிடம் சொல்லவில்லை.

"கடிதத்துல கையெழுத்துப் போடப் போறீங்களா?"

"பன்னண்டு மணிக்கு. அவ பெட்டி கட்டறதுக்கு முன்னால நான் கட்டிடணும். அவங்க அப்பாவா நானான்னு அவளை நிக்க வெக்கக் கூடாது."

மணி பத்தரை.

பட்டறை கீழ்த் தளத்தில். ஆறு தேய்ப்பு இயந்திரங்கள். ஆறும் சும்மா இருந்தன. ஒவ்வொரு மேசையிலும் ஒரு ஆர்டர் கணினி. எல்லாத் திரையிலும் நடுவில், அழகான எழுத்தில், மூன்று வாக்கியம்.

மன்னிக்கவும். உங்கள் தேவை எங்களுக்கு முக்கியம். சற்றுப் பொறுங்கள்.

"வரவேற்புல கேட்டது" என்றான் கொழுந்தன். "இங்க வந்து எழுதியும் வெச்சிருக்கா போல."

மூலையில் பழைய இயந்திரம் ஒன்று. அதற்கு ஆர்டர் கணினி கிடையாது. உள்ளங்கை அளவு திரைதான். தேய்ப்பு ஆள் அதன் மேல் சாய்ந்து செய்தித்தாளை மூக்கோடு ஒட்டி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"உங்க கண்ணாடி எங்க?" என்றான் கொழுந்தன்.

"அந்தத் தட்டுல. மேலேருந்து நாலாவது."

அண்ணி சின்னத் திரையைக் குனிந்து பார்த்தாள். சிவப்பில் இரண்டே சொல். பதில் புரியவில்லை.

"இது எப்பவும் இப்படித்தான் சொல்லுமா?"

"இல்லயே. லைன் போச்சுன்னா 'பதில் இல்லை'ன்னு வரும். பத்து வருஷமா அதான் பாத்திருக்கேன். இந்த மூணு நாளாத்தான் 'புரியவில்லை'."

"எங்க வீட்ல எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்" என்றான் கொழுந்தன்.

அண்ணி நிமிரவில்லை. "ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி. இல்லைன்னா யாரும் பேசல. புரியலைன்னா யாரோ பேசறாங்க."

"இந்தக் கிழம்தான் உளறுது அண்ணி."

"எல்லாத்துலயும் இதுதான் நேர்மையான மெஷின். இது பவர் கேக்குது. மைனஸ் ரெண்டு, ப்ளஸ் ஒண்ணுன்னு பதில் வரணும். அதுக்குப் பதிலா என்ன வருதுன்னு பாருங்க." அவள் பக்கத்துத் திரையைக் காட்டினாள். "'உங்கள் தேவை எங்களுக்கு முக்கியம்.' இதை வெச்சு எந்தக் கண்ணாடி தேய்க்கறது?"

கொழுந்தன் திரையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"லிஸ்னர் செத்துப்போச்சுன்னாங்களே?"

"ஆமா."

"அப்ப மன்னிப்புக் கேக்கறது யாரு?"

"மூணு நாளா இந்தக் கட்டடத்துல எல்லாரும் அதைப் படிச்சிருக்காங்க. நீங்கதான் முதல்ல கேக்கறீங்க."

படி ஏறும்போது அவள் வேகமாகப் பேசினாள். முகவரியில் அமர முடியவில்லை என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். முகவரி தப்பு. இல்லையென்றால் முகவரி சரி, நாற்காலியில் வேறு ஆள். மாப்பிள்ளை அன்றைக்கு முகவரியைத் தொட்டிருந்தார். அதனால் நாற்காலியைப் பார்க்கவே இல்லை.

முதலாளியின் அட்டை கதவைத் திறந்தது. மாப்பிள்ளை வாசல்படியிலேயே நின்றார். வரக் கூடாது என்ற உத்தரவை அவர் மீறவில்லை. அங்கிருந்தே வழி சொன்னார். அண்ணி தட்டினாள். எந்தக் கதவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பட்டியல் வந்தது.

ஆயிரத்து ஐநூற்று இருபத்தொன்றில் ஆள் இருந்தான். லிஸ்னர் இல்லை. வேறு ஏதோ ஒரு சின்ன நிரல். வைத்த நாள் வெள்ளிக்கிழமை, மாலை ஆறு இருபது. வைத்தவர் என்ற இடத்தில் ஒரு கணக்கின் பெயர்.

கொழுந்தன் அதைப் படித்தான். மெதுவாக மாப்பிள்ளை பக்கம் திரும்பினான்.

"மாப்ள, இது உங்க கணக்குங்க."

மாப்பிள்ளை வாசல்படியிலிருந்தே எட்டிப் பார்த்தார். "வெள்ளி அஞ்சரைக்கே நான் கிளம்பிட்டேன். அவளைப் பல் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன்."

"உங்க பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. ஒரு கவர்ல போட்டு ஒட்டி மாமா பீரோல வெச்சிருக்கு. எனக்கு ஏதாவது ஆயிட்டா எடுக்கறதுக்கு."

"அண்ணி" என்றான் கொழுந்தன் தணிந்த குரலில். "இந்தப் பட்டியலைக் கொண்டுபோய்க் காட்டினா பன்னண்டு மணிவரைக்கும்கூட ஆகாது. இப்பவே பேனாவைத் திறந்துடுவாரு."

"காட்டப் போறதில்ல."

மணி பதினொன்று இருபத்தைந்து. அவள் இயந்திரத்தின் பின்பக்கம் போனாள். ஒரு மஞ்சள் கேபிளைக் கையில் பிடித்தாள்.

"ஒரு பொருள் யாரோடதுன்னு தெரியணும்னா அதை எடுத்துட்டுப் பாக்கணும். யாரு தேடி வராங்களோ அவங்களோடது. தம்பி, படிக்கட்டுல நில்லுங்க. மொதல்ல யாரு கத்தறாங்கன்னு பாருங்க."

இழுத்தாள்.

கட்டடத்தின் எல்லாத் திரைகளிலும் மூன்று வாக்கியம் மறைந்தது. அந்த இடத்தில் அழகில்லாத எழுத்தில் இரண்டு சொல் வந்தது. பதில் இல்லை.

கீழே தேய்ப்பு ஆள் செய்தித்தாளைப் புரட்டினார். ஐந்து நொடி. பத்து. வரவேற்பில் போன் அடித்தது, வழக்கம்போல எடுக்கப்பட்டது. முப்பது. மேலே ஒரு கதவு சுவரில் மோதியது.

முதலாளி வந்தார். நானூற்றுப் பன்னிரண்டு கண்ணாடி நின்றபோது அவர் இரண்டு தளம் இறங்கி வரவில்லை. மூன்று நாள் வரவில்லை. இப்போது ஓடி வந்தார். ஒரு கால் ஷூவில் கயிறு கட்டியிருக்கவில்லை. வரவேற்புப் பெண் ஹெட்செட்டோடு பின்னால் வந்தாள்.

"யாரு அதை எடுத்தது?"

"எதை சார்?" என்றான் கொழுந்தன்.

"மன்னிப்பை! கிளையிலேருந்து போன் பண்றாங்க. திரையில மொட்டையா பதில் இல்லைன்னு வருதாம். மானம் போகுது!"

அண்ணி கேபிளைத் திரும்பச் செருகினாள். கதவருகே இருந்த திரையில் மூன்று வாக்கியம் திரும்பி வந்தது. முதலாளி மூச்சு விட்டார்.

"அழகா இருக்கு" என்றாள் அண்ணி. "யாரோட யோசனை?"

"என்னுது." அவர் சட்டையைச் சரி செய்துகொண்டார். "வெள்ளிக்கிழமை வெளியிலேருந்து ஆளை வரவழைச்சு வெச்சேன். போனுக்கு மூணாவது மணிக்குள்ள பதில் சொல்றோம். மெஷின் மட்டும் பதில் இல்லைன்னு சொல்லலாமா? லிஸ்னர் கொஞ்சம் நகர்ந்தாலும் அந்த நொடியே இது அங்க உட்கார்ந்துக்கும். வரவங்ககிட்ட மரியாதையாப் பேசும்."

"எப்ப எழுந்திருக்கும்?"

"லிஸ்னர் வந்ததும் எழுந்து இடம் கொடுத்துடும். நல்ல பழக்கம் உள்ளது."

"லிஸ்னர் எப்ப வரும்?"

"இடம் காலியானா..."

அவர் நிறுத்தினார்.

"லிஸ்னர் வந்தா இவர் எழுந்துடுவாரு" என்றான் கொழுந்தன். "இவர் எழுந்தா லிஸ்னர் வந்துடும். ரெண்டு பேரும் தங்கமானவங்க சார். சனிக்கிழமையிலேருந்து நீங்க மொதல்ல, நீங்க மொதல்லன்னு நிக்கறாங்க."

மாப்பிள்ளை வாசல்படியில் நின்றபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப என் வரி..."

"உங்க வரியில தப்பு இல்ல" என்றாள் அண்ணி. "பழைய வரியிலயும் இல்ல. நீங்க லிஸ்னரை ரெண்டு நிமிஷம் நிறுத்தினீங்க. அதுக்குள்ள மன்னிப்பு உட்கார்ந்துடுச்சு."

அவள் முதலாளியிடம் திரும்பினாள். "பீரோவுல இருந்த கவரைப் பிரிச்சீங்களா?"

"அவர் கணக்குலதான் வைக்க முடியும்னு அந்த ஆள் சொன்னார்."

"இவர்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லச் சொன்னேனே." முதலாளி வரவேற்புப் பெண்ணைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கே சொல்லப் போனேன் சார்" என்றாள் அவள். "ஒரு விஷயம்னு ஆரம்பிச்சேன். என்னன்னு கேட்டாரு. அதுக்குள்ள என் மேசையில போன் அடிச்சது. ரெண்டு மணி ஆயிடுச்சு."

"அப்புறம்?"

"மன்னிக்கவும், சற்றுப் பொறுங்கள்னு சொல்லிட்டுப் போயிட்டேன்."

மாப்பிள்ளை தலையை ஆட்டினார். "நாலு நாளாப் பொறுத்துக்கிட்டிருக்கேன்."

மணி பதினொன்று ஐம்பது. அண்ணி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தாள். முதலாளியின் அட்டையை மேசை மேல் வைத்தாள்.

"இது உங்க வேலை. உள்ள வாங்க."

மாப்பிள்ளை வாசல்படியைத் தாண்டும்முன் முதலாளியைப் பார்த்தார். முதலாளி ஷூக்கயிறைப் பார்த்தார். அது அனுமதியாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

மாப்பிள்ளை உட்கார்ந்தார். மன்னிப்பை எழுப்பி வெளியே அனுப்பினார். இரண்டு நொடியில் அது திரும்ப வந்து உட்கார்ந்தது. மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது.

"இவ்வளவு மான ரோஷம் இல்லாத ஆளை நான் பாத்ததில்ல" என்றான் கொழுந்தன்.

"ஒரு நொடிகூடக் காலியா இருக்கக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வெச்சேன்" என்றார் முதலாளி. குரலில் இப்போது பெருமை இல்லை. "நிறுத்தற பொத்தான் என் போன்ல இருக்கு."

போனை எடுத்தார். தேடினார். அமுக்கினார். போன் ஒரு கேள்வி கேட்டது. அவர் அதைக் கைநீளத்துக்குப் பிடித்துச் சத்தமாகப் படித்தார். "நிறுத்தினால் அழைப்பவர்களுக்குப் பதில் கிடைக்காது. உறுதியா?"

கட்டைவிரல் காற்றில் நின்றது.

"அஞ்சு நொடிதான் சார்" என்றாள் அண்ணி. "அஞ்சு நொடி யாரும் எதுவும் சொல்ல வேண்டாம்."

முப்பது வருடத்தில் அவர் அப்படி ஒரு ஐந்து நொடி இருந்ததில்லை. கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார்.

திரை காலியானது. ஒன்று. இரண்டு. மாப்பிள்ளையின் விரல்கள் ஒரு வரியைத் தட்டின. மூன்று. நான்கு.

தொடங்கியது என்று வந்தது. அவ்வளவுதான். அலங்காரம் ஒன்றும் இல்லை.

கீழிருந்து கரகரவென்று ஒரு சத்தம் எழுந்தது. பிறகு இன்னொன்று. தேய்ப்பு ஆளின் குரல் படிக்கட்டில் ஏறி வந்தது. "மைனஸ் மூணே முக்கால்! வந்துடுச்சு! என்னுதுதான் மொதல்ல போடறேன்!"

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு கைகளாலும் தாடியைத் தேய்த்துக்கொண்டார்.

"சார்" என்றான் கொழுந்தன். "இவர்கிட்ட ஏதோ சொல்லணும்ல?"

முதலாளி தொண்டையைச் செருமினார். வரவேற்புப் பெண் பக்கம் திரும்பினார். "அவர்கிட்ட சொல்லும்மா..."

"அவர் ரெண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருக்கார்" என்றாள் அண்ணி.

முதலாளி திரும்பினார். வாயைத் திறந்தார். ஊரெல்லாம் மன்னிப்புக் கேட்க ஆள் வைத்திருந்தவர். மூடிக்கொண்டார்.

கையிலிருந்த போன் அடித்தது. மணி பன்னிரண்டு. திரையில் மகள்.

ஒரு மணி. முதலாளி போனைப் பார்த்தார்.

இரண்டாவது மணி.

மூன்றாவது. வரவேற்புப் பெண்ணின் கை தானாக நீண்டது. கொழுந்தன் மெல்ல அதை இறக்கி விட்டான்.

நான்காவது மணி அடித்தது. அந்தக் கட்டடம் அதை இதற்கு முன் கேட்டதில்லை.

ஐந்தாவதில் மாப்பிள்ளை எழுந்து வந்து போனை அவர் கையிலிருந்து வாங்கினார்.

"நான்தான் பேசறேன்... ஆமா, ஓடுது. இப்பத்தான்... இல்லம்மா, நான் இல்ல... யாருன்னா..."

அவர் மாமனாரைப் பார்த்தார். மாமனார் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

"அதை அப்பாவே சொல்வாரு. மன்னிக்கவும். சற்றுப் பொறு."

போனை நீட்டினார். முதலாளி வாங்கினார். கட்டைவிரல் பழக்கத்தில் காத்திருப்புப் பொத்தானைத் தேடிப் போனது. பாதி வழியில் நின்றது. போனைக் காதில் வைத்தார்.

"சொல்லும்மா" என்றார். "கேட்டுக்கிட்டிருக்கேன்."